மைக்கை விடுங்க ஸார்... ஓவர்!

நம் ஆபீஸ்களில் நடக்கும் மீட்டிங்கைக் கவனித்திருக்கிறீர்களா? எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது பேர் பேசுவார்கள். (ஒன்பதாவது ஆள் ஸ்பீக்கர் போனில், மும்பையிலிருந்து.) இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து வரும்போது யார் என்ன சொன்னார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. டீ ஆறிப்போயிருந்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கடலில் இந்தக் கதை நடக்காது. அங்கே ஒருத்தர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடியே ஆகவேண்டும். மேனேஜர் உத்தரவு போட்டதால் அல்ல. கருவியின் அமைப்பே அப்படி!

கருவியின் பெயர் வி.ஹெச்.எஃப். ரேடியோ. போட்டுக்காரர்கள் பாஷையில் 'செட்டு' அல்லது 'வயர்லெஸ்'. எனக்கு இதை அறிமுகம் செய்துவைத்தவர் என் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். தூத்துக்குடியில் விசைப்படகு டிரைவர். டிரைவர் என்றதும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே வலை போடுவது, எப்போது தூக்குவது, காற்று மாறினால் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். அதனால் என் மேல் அவருக்கு ஒரு மரியாதையும், நிறையப் பரிதாபமும் உண்டு.

லீவில் ஊருக்குப் போனால் சில நாள் என்னையும் போட்டில் ஏற்றிக்கொள்வார். தூத்துக்குடியில் விசைப்படகு விடிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு ராத்திரி 9 மணிக்குள் திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு. முதல் இரண்டு மணி நேரம் நான் கடலுக்கு என் காலை டிபனைத் தானம் செய்துகொண்டிருப்பேன். அதற்குப் பிறகு வீல் ரூமில் ஒரு மூலையில் சாய்ந்து, செட்டைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஸ்டியரிங்குக்கு மேலே, பழைய கார் ஸ்டீரியோ மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. சுருள் சுருளாக ஒயர் தொங்கும் ஒரு மைக். மைக்கின் பக்கவாட்டில் ஒரு பட்டன். அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. டெலிபோன் மாதிரி அவர் பேசும்போதே நடுவில் புகுந்து, "அட, நான் சொல்றதைக் கேளுங்க" என்று கத்த முடியாது. கத்தலாம், யார் காதிலும் விழாது. அதைவிட முக்கியம், நீங்கள் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை உங்கள் காது அடைத்துவிடும். உலகமே உங்களைக் கூப்பிட்டாலும் தெரியாது.

"பேசுதவன் செவிடன் மாப்ள. இதை முதல்ல தெரிஞ்சுக்க" என்றார் அத்தான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எங்கள் ஆபீஸுக்கு அழைத்துவந்து ஒரு நாள் உட்காரவைக்கலாம்.

நம் வீட்டு எஃப்.எம். ரேடியோ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தச் செட்டு அதற்கும் மேலே, 156லிருந்து 162 வரையிலான அலைவரிசையில் வேலை செய்கிறது. பொருத்திவைக்கும் செட்டின் அதிகபட்ச சக்தி 25 வாட். பழைய ட்யூப்லைட் 40 வாட் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கிற வாக்கி டாக்கி வகைக்கு 5 வாட், 6 வாட்தான்.

ஆனால் சக்தியைவிட உயரம்தான் பெரிசு. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால், கொஞ்ச தூரம் போனதும் அலை மேலே போய்விடும், எதிராளி கீழே இறங்கிவிடுவார். இரண்டு போட்டுகளிலும் தண்ணீரிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஏரியல் இருந்தால் சுமார் 9 கடல் மைல். அதாவது பதினாறு, பதினேழு கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் டவர் இருந்தால் 26 கடல் மைல் வரை எட்டும். அதனால்தான் வீல் ரூம் கூரைக்கு மேலே, மரத்திலேயே கட்டிவைத்து உசரமாக ஏரியலை நிறுத்துகிறார்கள். சிவப்பு, பச்சைக் கொடிகளுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஆடுமே, அதுதான்.

பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லவேண்டும். 'நான் முடித்தேன், இனி நீ பேசு' என்று அர்த்தம். பேச்சே முடிந்துவிட்டது, பதில் வேண்டாம் என்றால் 'அவுட்'. சினிமாவில் போலீஸ்காரர் கம்பீரமாக "ஓவர் அண்ட் அவுட்" என்று சொல்வார் இல்லையா? அதைக் கேட்டால் அத்தானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "நீ பேசு, ஆனா நான் கேக்க மாட்டேன்னு சொல்லுதான். இவனை நம்பி எப்படிக் கடலுக்குப் போறது?"

சானல்கள் நிறைய இருக்கின்றன. அதில் ராஜா, 16ஆம் நம்பர். 156.8 மெகாஹெர்ட்ஸ். உலகத்தில் எந்தக் கடலுக்குப் போனாலும் ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் அதுதான் சானல். அதில் ஒருத்தரைக் கூப்பிடலாம். அவர் பதில் சொன்னதும் "வேற சானலுக்கு வா" என்று சொல்லி இரண்டு பேரும் இடத்தைக் காலி செய்துவிடவேண்டும். கல்யாண வீட்டு வாசல் மாதிரி. வாசலில் நின்று "வாங்க வாங்க" சொல்லலாம். அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது.

சானல் மாறிய பிறகு நடக்கும் பேச்சு இருக்கிறதே, அது தனி இலக்கியம். ரேடியோவில் ரகசியம் கிடையாது. இரண்டு பேர் பேசினால் இருபது போட்டு கேட்கும். அதனால் மீன்பாட்டைப் பற்றி யாரும் உண்மை பேசுவதில்லை.

"என்ன மச்சான், பாடு எப்படி?"

"ஒண்ணும் இல்ல மச்சான். குழம்புக்குக்கூடக் கெடைக்கல."

சொல்பவரின் போட்டு, மீன் கனத்தில் அரை அடி தாழ்ந்திருக்கும்! சொந்தக்காரர்களுக்கு மட்டும் தனிப் பாஷை உண்டு. "கல்யாண வீட்டுக்கு வந்திருக்கோம். சாப்பாடு பரவால்ல. இலைக்கு எடம் இருக்கு" என்றால், மீன் கிடக்கிறது, சீக்கிரம் வந்து சேர் என்று அர்த்தம். ஒரு தடவை அதைக் கேட்டு, கூப்பிடாத விருந்தாளிகள் நாலு போட்டும் பந்திக்கு வந்துவிட்டதாம்.

இன்னொரு கதை துறைமுகத்தில் ரொம்பப் பிரசித்தம். ஒரு டிரைவர், மைக்கை மாட்டாமல் ஸீட்டில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டன் அழுந்திக்கொண்டது. கரைக்குத் திரும்பும் நேரம். மனுஷர் பக்கத்தில் இருந்தவரிடம் முதலாளியைப் பற்றி மனம் விட்டுப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். முதலாளியின் கஞ்சத்தனம், முதலாளியின் மச்சினன், முதலாளியின் மூக்கு. இருபது நிமிஷம். எல்லாம் நேரடி ஒலிபரப்பு. ஜெட்டியில் போய் இறங்கினால் முதலாளி மூக்கைத் தடவிக்கொண்டே நிற்கிறாராம்.

சிரிக்கலாம். ஆனால் அந்த இருபது நிமிஷமும் அந்தச் சானலில் அக்கம்பக்கத்தில் வேறு யாரும் பேசியிருக்க முடியாது. பேசியிருந்தால்? அதன் விலை என்ன என்பதை நான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்த்தேன்.

கரையிலிருந்து 25 கடல் மைலுக்கு மேல் வந்திருந்தோம். வலை தண்ணீரில். செட்டில் ரொம்ப நேரமாக லேசான இரைச்சல். 'ஸ்கெல்ச்' என்று ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகினால் இரைச்சல் நின்று சுத்தமாகிவிடும். "கொஞ்சம் திருகட்டுமா அத்தான்?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அதிகமாகத் திருகினால் இரைச்சலோடு சேர்ந்து பலவீனமான குரல்களும் வெட்டுப்பட்டுப் போகுமாம். தூரத்தில் கூப்பிடுகிறவன் குரலும் இரைச்சல் மாதிரிதான் வரும். அவனுக்காகக் கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

16இல் இரண்டு பேர் மீன் விலையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சின் இடைவெளியில் ஒரு கரகரப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி மீன் விலை. மறுபடி இடைவெளி. "...ணி ஏறு..." அவ்வளவுதான்.

எஃப்.எம். அலைக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து கேட்காது. பலமாக இருப்பவன் குரல் மட்டும் கேட்கும். பலவீனமானவன் அப்படியே அமுங்கிப் போவான். கிட்டத்தில் இருப்பவன் வாயை மூடாதவரை தூரத்தில் இருப்பவன் கடலில் இல்லவே இல்லை என்று அர்த்தம்.

அத்தான் மைக்கை எடுத்தார். அவர்கள் பேச்சு ஒரு விநாடி ஓய்ந்த இடத்தில் புகுந்தார்.

"ஏல, 16ல பேசுதது யாரு? வாயை மூடுங்கல! எங்கேயோ தண்ணி ஏறுதுன்னு கூப்புடுதான். எல்லாரும் சும்மா இருங்க. ஓவர்."

முறைப்படி இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. 'சீலோன்ஸ்' என்று பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லவேண்டும். அமைதி என்று அர்த்தம். அத்தான் சொன்னதும் அதேதான், காரம் கொஞ்சம் தூக்கல். சட்டென்று சானல் முழுக்க ஓய்ந்தது. சுற்றிலும் எத்தனை போட்டுகள் இருந்தனவோ தெரியாது. அத்தனையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது தெரிந்தது. அந்த மாதிரி ஒரு நிசப்தத்தை நான் கோயிலிலும் கேட்டதில்லை, சர்ச்சிலும் கேட்டதில்லை.

இப்போது குரல் வந்தது. ஒரு வள்ளம். கையில் பிடிக்கிற சின்ன செட்டு. ஷாஃப்ட் ஓரத்தில் தண்ணீர் ஏறுகிறது. இஞ்சின் நின்றுவிட்டது. ஐந்து பேர். வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தான் முதலில் கேட்டது 'பயப்படாதே' என்றோ 'எப்படி ஆச்சு' என்றோ அல்ல. "ஜி.பி.எஸ். நம்பரைச் சொல்லு. ஒவ்வொண்ணா சொல்லு. ஓவர்."

என் சட்டைப் பையில் ஆபீஸ் பால்பாயிண்ட் பேனா. பேப்பர் இல்லை. உள்ளங்கையில் எழுதினேன். எட்டு... இரண்டு, நாலு... எழுபத்தெட்டு என்று சொல்லாமல், ஏழு, எட்டு... அத்தான் என் கையைப் பிடித்து இழுத்து, அதை ஒவ்வொரு எண்ணாகத் திரும்பப் படித்தார். "சரியா? ஓவர்." "சரி அண்ணே. ஓவர்." ஒரு எண் மாறினால் தேடுகிற போட்டு பத்து மைல் தள்ளிப் போய் நிற்கும். கடலில் தெருப் பெயர், பிள்ளையார் கோயில் பக்கத்துச் சந்து எல்லாம் கிடையாது. நம்பர்தான் விலாசம்.

எங்களிடமிருந்து 6 கடல் மைல். கரைக்கு எங்கள் குரல் எட்டவில்லை. எங்களுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த ஒரு போட்டு குறுக்கே வந்தது. "எனக்குக் கேக்கு அண்ணாச்சி. நான் கரைக்குச் சொல்லுதேன். ஓவர்." யார் என்று பார்த்தால், சற்று முன் மீன் விலை பேசிக்கொண்டிருந்தவர்தான்! நம்பரை நாங்கள் அவருக்குச் சொல்ல, அவர் திரும்பப் படிக்க, பிறகு கரைக்குச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாமல் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

வலையைப் பாதியிலேயே தூக்கினார்கள். மத்தியானத்து மீன்பாடு போச்சு. டீசல் கணக்குக்கு யாரிடம் திட்டு வாங்கவேண்டும் என்று போட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடினோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அத்தான் மைக்கை எடுத்து, "வந்துக்கிட்டிருக்கோம். இறைச்சுக்கிட்டே இரு. ஓவர்" என்பார். ஒரு தடவை பதில் வரவில்லை. அத்தான் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தாமல், அப்படியே நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். "...இருக்கோம் அண்ணே. ஓவர்" என்று வந்தது. சின்ன செட்டின் பாட்டரி தீர்ந்துகொண்டிருந்ததாம்.

போய்ப் பார்த்தபோது ஐந்து பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறைத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு போட்டு, பம்ப்பை இறக்கி, ஓட்டையில் துணி அடைத்து, கட்டி இழுத்து வந்தோம். ஜெட்டிக்கு வரும்போது ராத்திரி 10 தாண்டிவிட்டது. அந்த ஐந்து பேரில் ஒரு பையனுக்குப் பதினெட்டு வயசுதான் இருக்கும். வழி முழுக்க அவன் அந்தச் சின்ன செட்டைக் கையிலேயே வைத்திருந்தான்.

ஊர் திரும்பிய பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தேன். 1912 ஏப்ரல் 14 ராத்திரி. டைட்டானிக்குக்குச் சில மைல் தூரத்தில் 'கலிஃபோர்னியன்' என்று ஒரு கப்பல். பனிக்கட்டி சூழ்ந்து நிற்கிறது. அதன் ஒரே வயர்லெஸ் ஆபரேட்டர் டைட்டானிக்கைக் கூப்பிட்டு அதைச் சொல்ல வருகிறார். டைட்டானிக்கின் ஆபரேட்டர், பயணிகளின் சொந்தத் தந்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மும்முரம். பக்கத்துக் கப்பலின் பலமான சத்தம் காதைப் பிளக்கிறது. வாயை மூடு, வேலையாக இருக்கிறேன் என்று பதில் அடிக்கிறார். அவரும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 11.30 மணி வாக்கில் செட்டை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதுகிறது. அதன் கூப்பாடு கிட்டத்தில் இருந்த கப்பலுக்குக் கேட்கவே இல்லை.

கேட்டது 'கார்பேதியா'வுக்கு. 58 மைல் தள்ளி இருந்தது. அதன் ஆபரேட்டரும் தூங்கப் போகிறவர்தான். உடை மாற்றும்போதும் காதில் ஹெட்போனை விடாமல் மாட்டியிருந்தார். அந்த ஒரு பழக்கத்தால் எழுநூறு பேருக்கு மேல் பிழைத்தார்கள். 1,500 பேர் வரை போனார்கள். 1914இல் லண்டனில் நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், கப்பலில் இருபத்துநாலு மணி நேரமும் வயர்லெஸ்ஸைக் கேட்க ஏற்பாடு வேண்டும் என்று எழுதினார்கள். கவனியுங்கள். பேச அல்ல, கேட்க.

அதற்குப் பிறகு கப்பல் வயர்லெஸ் ரூம்களில் ஒரு விசேஷக் கடிகாரம் மாட்டினார்கள். முகப்பில் மூன்று மூன்று நிமிஷத்துக்குச் சிவப்பிலும் பச்சையிலும் துண்டுகள். ஒவ்வொரு மணியிலும் முள் அந்தத் துண்டுகளுக்குள் வந்தால் யாரும் பேசக் கூடாது. சிவப்பு மோர்ஸ் தந்திக்கு, பச்சை வாய்ப்பேச்சுக்கு. பலவீனமான குரல் ஏதாவது வருகிறதா என்று உலகத்துக் கடல்கள் எல்லாம் சேர்ந்து காது கொடுத்துக் கேட்கும். செயற்கைக்கோளும் டிஜிட்டல் முறையும் சேர்ந்த புது ஏற்பாடு 1999 பிப்ரவரியில் முழுசாக வந்தபின் அந்த வழக்கம் போய்விட்டது. எனக்கென்னவோ அந்தக் கடிகாரத்தை நம் டெலிவிஷன் விவாத மேடைகளில் மாட்டலாம் என்று தோன்றுகிறது.

'மேடே' என்ற ஆபத்து வார்த்தைக்கும் கதை உண்டு. 1923இல் லண்டன் குராய்டன் விமான நிலைய ரேடியோ அதிகாரி மாக்ஃபோர்ட் என்பவர் கண்டுபிடித்தது. அங்கிருந்து பாரிஸுக்கு நிறைய விமானங்கள். அதனால், 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தையை ஒட்டி 'மேடே' என்று வைத்தார். தந்திக்கு எஸ்.ஓ.எஸ்., வாய்ப்பேச்சுக்கு மேடே. மூன்று முறை மேடே, மூன்று முறை படகின் பெயர், எங்கே இருக்கிறோம், என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர், ஓவர். அவ்வளவுதான். நீங்களும் என்றாவது ஒரு படகில் ஏறலாம். டிரைவர் மயங்கி விழலாம். பட்டனை அழுத்து, சொல், விடு, கேள். தெரிந்துவைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. செல்போனில் டவர் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.

புதிய செட்டுகளில் மூடி போட்ட சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கிறது. சில விநாடி அழுத்திப் பிடித்தால், நீங்கள் யார், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்பதை 70ஆவது சானலில் அதுவே அனுப்பிவிடும்.

ஆனாலும் செட்டுக்கு ஓர் எல்லை உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் போட்டுகள் அந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ இருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கடற்கரை ஊர்களில் அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் முடிகிற கருவிகளைப் படகுகளில் பொருத்தத் தொடங்கினார்கள். அத்தான் அதையும் வைத்திருக்கிறார். ஆனால் பழைய செட்டைக் கழற்றவில்லை. "செயற்கைக்கோள் கரைக்குச் சொல்லும் மாப்ள. பக்கத்துப் போட்டுக்காரனுக்கு இதுதானே சொல்லும்? ஓடி வரப்போறது அவன்தான்."

போன லீவில் ஜெட்டியில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். "கடல்ல இத்தனை பேரை அதட்டி அடக்குதீங்களே அத்தான், வீட்டுல மைக் யார் கையில?" என்று கேட்டேன்.

அக்கா பக்கத்தில் இல்லை என்பதை ஒரு முறை சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"வீட்டுல நான் 16ஆம் சானல் மாப்ள. இருபத்துநாலு மணி நேரமும் கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பேன்."